அம்மா போகாத பந்தி

போன மாதம் நம் சபையின் பெண்கள் கூட்டத்தில், புருஷனை விபத்தில் பறிகொடுத்த ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து நம்மில் ஒருவர் சொன்னார்: "அந்த லாரிக்காரனை மன்னிச்சிடு கண்ணு. அவ்வளவுதானே!" சொன்னவர் நல்ல மனசுக்காரர். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த 'அவ்வளவுதானே' வீட்டுக்கு வந்த பிறகும் காதை விட்டுப் போகவில்லை. உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். மில் லைன் வீடுகளில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆகையால் உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பி கைக்குழந்தை. கோயமுத்தூரில் வரிசையாக மில்கள் இருந்த சாலையில், ஒரு மில்லின் மதிலை ஒட்டி எங்கள் லைன். ஓட்டு வீடு, ஒரே அறை, மூலையில் அடுப்பு, பின்னால் குளிக்க, துவைக்கக் கையகலப் பொடக்காளி. மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து பஞ்சு பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும். தண்ணீர்க் குடத்தின் வாயில் துணி கட்டாவிட்டால் பஞ்சைத்தான் குடிக்க வேண்டும். அப்பா ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். எதிர் வரிசையில் இருந்தவர் மில்லில் ஃபிட்டர். லைன் முழுக்க அவரை ஃபிட்டர் என்றே கூப்பிடும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் ஃபிட்டரும் ஒரே சைக்கிளில்தான் சபைக்குப் போவார்கள். ஃபிட்டர் கீர்த்தனை எடுத்துக் கொடுப்பார், அப்பா டோலக் வாசிப்பார். ஃபிட்டருக்குக் குரல் கட்டிக்கொண்டால் அப்பாவுக்குக் கை ஓடாது. தம்பியின் ஞானஸ்நானத்தன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனவர் ஃபிட்டர்தான்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சிலரை வேலையை விட்டு நீக்கியதில் ஆரம்பித்தது. மாசி பிறந்த பிறகும் முடியவில்லை. கேட்டுக்கு முன்னால் பந்தல், கொடி, கோஷம். வெளியூர் ஆட்களை வைத்து மிஷினை ஓட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் அடிதடி தொடங்கியது. மேஸ்திரி ஒருவரை வேட்டியை உருவிக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். மறுநாள் போலீஸ் எங்கள் லைனுக்குள் புகுந்து, கதவைத் தட்டாமலே உதைத்துத் திறந்து, கையில் கிடைத்த ஆண்களை இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் நாங்கள் 'ஸ்ட்ரைக்' விளையாடினோம். ஒரு கூட்டம் போலீஸ், ஒரு கூட்டம் தொழிலாளி, வேப்பங்குச்சி லத்தி. என்னோடு படித்த பெண் ஒருத்திக்கு நெற்றி பிளந்தது. மஞ்சள் அப்பிக்கொண்டு மறுநாள் அவளே லத்தியோடு முதலில் வந்து நின்றாள்.

சாப்பாட்டுக்குக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிதான். வேகவைத்தது, சுட்டது, உப்புப் போட்டது, உப்பில்லாதது. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. தம்பி அழுது அழுது, பிறகு அழுகையும் நின்றுபோய், வாயை மட்டும் திறந்து திறந்து மூடினான். ஒரு சாயங்காலம் அப்பா அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு மில்லுக்குள்ள போறேன்" என்றார்.

அம்மா தம்பியைத் தோளில் போட்டுத் தட்டினாள். அப்புறம், "ஏனுங்க, ஃபிட்டர் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க" என்றாள்.

"சொன்னா அவன் உட மாட்டான்."

காலையில் மேலே மட்டும் தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று வந்தது. முன்னாலும் பின்னாலும் போலீஸ். அதில் உள்ளே போகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் அப்பாவும் ஒருவர். நாங்கள் பிள்ளைகள் குழாயடித் திட்டின் மேல் ஏறி நின்று பார்த்தோம். கேட்டை நெருங்கியதும் கல் விழத் தொடங்கியது. லாரியின் பலகையில் கற்கள் விழும் சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி இருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் ஃபிட்டர் நின்றார். பக்கத்துக் கடையின் சோடா பாட்டில் பெட்டிகள் கைமாறி வந்தன. பச்சைக் கண்ணாடி, கழுத்தில் கோலிக்குண்டு. குலுக்கி எறிந்தால் விழுகிற இடத்தில் குண்டு மாதிரி வெடிக்கும்.

எல்லோரும் குனிந்திருந்த லாரியில் அப்பா மட்டும் எழுந்து நின்றார். ஃபிட்டரைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரத்தில்தான் ஃபிட்டரின் கையிலிருந்து பாட்டில் கிளம்பியது. அப்பாவின் முகத்துக்கு நேராக இருந்த இரும்புக் கம்பியில் பட்டு வெடித்தது.

அப்பா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. லத்தி சுழன்றது. ஓடுகிறவர்கள், விழுகிறவர்கள், விழுந்தவர்கள் மேல் ஏறி ஓடுகிறவர்கள். குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணுக்கு மண்டை உடைந்து, நிரம்பியிருந்த குடத்துக்குள் ரத்தம் சொட்டியது. யாரோ என் சடையைப் பிடித்துத் தூக்கி வீட்டுக்குள் எறிந்தார்கள். அது அம்மா என்பது அறைக்குள் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். இன்னொன்றை எடுக்காமல் விட்டுவைத்துப் பார்த்தார்கள். அதிலும் வெளிச்சம் வரவில்லை. போலீஸ்காரர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "எறிஞ்சது யாருன்னு பாத்தியாப்பா?" என்று கேட்டார்.

"பாக்கலைங்க" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் சொன்னார்: "கடைசியா நான் பாத்த மூஞ்சி அவன்றதுதான் புள்ளே. உன்ற மூஞ்சி இல்ல, புள்ளைக மூஞ்சி இல்ல. கண்ணைத் தொறந்தாலும் அவன், மூடினாலும் அவன். போலீசுக்கு எதுக்குச் சொல்லோணும்? அவன் எனக்கு வேணும்."

அந்த வாரமே சோடாக் கடை பாய் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "என்ற கடைப் பாட்டிலுங்கம்மா. பெட்டியத் தூக்கறப்ப தடுக்க என்னால ஆகலைங்க" என்று சொல்லி மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "நீங்க என்னங்க பாய் பண்ணுவீங்க? போங்க, வெய்யல்ல நிக்காதீங்க" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவர் சோடா விற்கவில்லை. மோர் விற்றார்.

வேலைநிறுத்தம் ஒருவழியாக முடிந்தது. ஃபிட்டர் உட்பட எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். அப்பாவுக்குப் பதிலாக அம்மாவை நூல் சுற்றும் ரீலிங்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அம்மா இருட்டோடு எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, அப்பாவைப் பொடக்காளிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, தம்பியை என் இடுப்பில் வைத்துவிட்டு, முதல் சங்குக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது முடியெல்லாம் பஞ்சு, நரைத்தவள் மாதிரி இருப்பாள். நூலை முடிந்து முடிந்து ஆள்காட்டி விரலில் வெட்டு விழுந்திருக்கும். சாயங்காலம் விளக்கேற்றியதும் கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் மண்டியிட்டு ஜெபம் செய்வாள். ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்திலேயே தூங்கிவிடுவாள். அப்படியே நெற்றி கட்டில் கயிற்றில் கிடக்கும். எழுப்பினால் நெற்றியில் கயிற்றுத் தடம் பின்னல் பின்னலாகப் பதிந்திருக்கும். முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள்.

"ஆண்டவரே, நாளைக்கும் எந்திரிக்க வெச்சுடுங்க. அந்தாளு நல்லாருக்கட்டும்னு கேக்க எனக்கு வாய் வரலைங்க. அதை நீங்களே பாத்துக்கோங்க. ஆமென்."

தினமும் இதே ஜெபம்தான். அப்பாவுக்குக் கேட்கும். 'அந்தாளு' என்றால் ஃபிட்டர் என்று அவருக்குத் தெரியும், கையில் இருப்பது பறக்கும்.

அப்பா அதற்கு முன் எங்களை அடித்தவரல்ல. கண் போன பிறகு சத்தத்தை வைத்து அடிக்கப் பழகினார். எங்கே சத்தம் வருகிறதோ அங்கே சோற்று வட்டல் வரும், செம்பு வரும், ஊன்றுகோல் வரும். குறி தப்புவதில்லை. ஒருமுறை சுவரோரம் தவழ்ந்துகொண்டிருந்த தம்பியின் தலைக்கு மேலே செம்பு மோதி, சுவர்க் காரை அவன் மேல் கொட்டியது. அன்றைக்கு அம்மா என் கொலுசைக் கழற்றிவிட்டாள். வெள்ளிக் கொலுசு, மூன்று மூன்று முத்து. அதன் பிறகு அது எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. நான் பூனை மாதிரி நடக்கக் கற்றுக்கொண்டேன். தன் கண்ணாடி வளையல்களை மட்டும் அம்மா கழற்றவில்லை. அப்பாவுக்குக் கோபம் ஏறும்போது வேண்டுமென்றே கையை ஆட்டி ஆட்டி நடப்பாள். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவள் முழங்கையில், தோளில், கன்னத்து எலும்பில் மாறி மாறி நீலம் பாரித்திருக்கும்.

இவ்வளவுக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாது. அப்பா வர மறுத்துவிட்டார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு, என்னை நடத்திக்கொண்டு போவாள். போய் உட்கார்ந்ததும் தூங்குவாள். பிரசங்கம் முழுக்கத் தூங்குவாள். பின்வரிசைப் பெண்கள் சிரிப்பார்கள். "தூங்கறதுக்கு ஊடு இல்லியா?" என்று ஒருத்தி கேட்டபோது, "ஊட்ல தூங்கினா யாருங்க உடறாங்க? இது அப்பன் ஊடு, தூங்கினாத் திட்ட மாட்டாரு" என்றாள்.

நம் சபைக்கு அப்போதிருந்த போதகரை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். இளவயசு. கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். போலீஸ் லைனுக்குள் புகுந்த அன்று அங்கியோடு வந்து குறுக்கே நின்று, முதுகில் ஒரு அடி வாங்கியவர் அவர். ஆனால் தன் சபை இரண்டாகக் கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை. வேலைக்குப் போனவர்கள் ஒரு பக்கம், போகாதவர்கள் ஒரு பக்கம் என்று ஜனங்கள் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஈஸ்டருக்குள் எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு. திருவிருந்துக்கு முன்னால் அவர் ஃபிட்டரை முன்னே கூப்பிட்டு நிறுத்தினார். ஃபிட்டர் இளைத்துக் கறுத்திருந்தார். பாட்டை அடியோடு விட்டிருந்தார்.

"இந்தச் சகோதரர் தன் பாவத்தை என்னிடம் அறிக்கை செய்து அழுதுவிட்டார்" என்றார் போதகர். பிறகு அம்மாவைப் பார்த்தார். "முன்னால வாங்கம்மா. இவர் கையைப் பிடிச்சு, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அம்மா தூக்கத்திலிருந்து விழித்து எழுந்தாள். தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனாள். ஃபிட்டர் கையை நீட்டினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னால முடியலைங்க ஐயா."

"கர்த்தர் பெலன் தருவாரும்மா."

"தருவாருங்க. இன்னும் தரலைங்க. தந்தப்பறம் சொல்றனுங்க."

பெண்கள் பக்கம் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. போதகரின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிக்காத இருதயத்தோட கர்த்தருடைய பந்தியில எப்படிம்மா சேர முடியும்?" என்று கேட்டார்.

"சேர முடியாதுங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, வழக்கமான இடத்தைத் தாண்டி, கதவோரத்துக் கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். ஃபிட்டர் மண்டியிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கினார். கிண்ணம் சரிந்து, வெள்ளை விரிப்பில் சிவப்பாகச் சிந்தியது. எனக்கு அதைப் பார்த்ததும் லாரிதான் நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து லைனில் அம்மாவுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். கண்ணைப் பறித்தவனுக்கு அப்பம் கொடுத்து, பறிகொடுத்தவளைக் கதவோரத்தில் உட்காரவைத்தது எப்படி எல்லோருக்கும் சரியாகப் பட்டது என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு எரிகிறது. அம்மா ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஞாயிறும் போனாள். கதவோரத்தில் தூங்கினாள். எல்லோரும் எழுந்து முன்னே போகும்போது இவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தார். கை நிறையத் தீக்காயத் தழும்பு. எனக்கு அவரென்றால் உயிர். வரும்போதெல்லாம் தேங்காய் பன் வாங்கி வந்து, சைக்கிள் பாரில் என்னை உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றுவார். அந்த நாட்களில் அவர் வந்தால் அப்பா பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரே பேச்சு.

"உங்கக்கா புருசன் குருடாக் கெடக்கறான். நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டுத் திரியறே. அவன் தெனமும் என்ற வாசல் வழியாத்தான் வேலைக்குப் போறான், தெரியுமா? அவன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். எனக்குக் கண்ணிருந்தா உன்னைக் கேப்பனா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். ஒருநாள் அம்மா அதைக் கேட்டுவிட்டாள். "டேய், நீ அவனை ஏதாச்சும் பண்ணினே, இந்த ஊட்டுப் படி ஏறாதே" என்றாள். அப்பாவின் ஊன்றுகோல் அவள் முதுகில் விழுந்தது. அவள் நகரவில்லை. "உங்களையுந்தானுங்க சொல்றேன். கொல்லக் கூடாதுங்க" என்றாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. நல்ல வெய்யில். நான் தரையில் உட்கார்ந்து ஓலையில் சிலுவை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்து அடுப்பில் கஞ்சி வைத்திருந்தாள். அப்பா கட்டிலில் இருந்தார். தெரு முனையில் கூச்சல் கேட்டது. பிறகு லைனில் கதவுகள் சாத்தும் சத்தம். முனையிலிருந்து ஒவ்வொன்றாக, படார் படார் என்று எங்களை நோக்கி வந்தது.

திறந்திருந்தது எங்கள் கதவு ஒன்றுதான். அம்மாவின் கையில் கஞ்சிப் போசி இருந்ததால் சாத்த நேரமில்லை. ஃபிட்டர் உள்ளே வந்து விழுந்தார். காது பிய்ந்து தொங்கியது. சட்டை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. எதிரே அவர் வீட்டுக் கதவும் சாத்திக் கிடந்தது; யார் வீடு என்று பார்த்து வந்தவர் போலத் தெரியவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்ததும்தான் அவருக்குத் தெரிந்தது. பேய் அறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். திரும்பி வெளியே போக எழுந்தார்.

"உள்ள போங்க" என்றாள் அம்மா.

அடுப்பிலிருந்து இறக்கிய போசியைத் துணியோடு பிடித்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே நின்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மாமா வந்தார். கையில் இரும்புக் கம்பி. கூடப் பட்டறை ஆட்கள் இரண்டு பேர், ஒருவன் கையில் சைக்கிள் செயின்.

"தள்ளுக்கா."

"போடா ஊட்டுக்கு."

"அக்கா, அவன் உள்ள இருக்கறான். மச்சான் கண்ணைக் குருடாக்குனவன் உன்ற ஊட்டுக்குள்ள இருக்கறான்!"

"தெரியும். போ."

செயின்காரன் அவளைத் தள்ளிவிட்டுக் கதவில் கை வைத்தான். அம்மா கொதிக்கிற கஞ்சியை அவன் காலில் ஊற்றினாள். அவன் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டாவது ஆள் பின்வாங்கினான். "மிச்சம் இருக்குது. அடுத்தது மூஞ்சிலதான்" என்றாள் அம்மா. எங்கள் ராத்திரிச் சாப்பாடு வாசலில் ஆவி பறக்கக் கிடந்தது.

அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். மூச்சிரைப்பை வைத்தே ஃபிட்டர் இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தவழ்ந்து போய், முகத்தைத் தடவி, கழுத்தைத் தேடிப் பிடித்து இரண்டு கைகளாலும் நெரித்தார். ஃபிட்டர் கையை உயர்த்தவே இல்லை. சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். "கொன்னுபோடுங்கண்ணா" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அவரால் பேச முடியவில்லை. கண்கள் பிதுங்கி, கால் தரையை உதைத்து, என் குருத்தோலைகள் சிதறின. தம்பி வீறிட்டான். நான் ஜன்னல் கம்பியிலேயே தொங்கினேன்.

வெளியே அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. மாமா கம்பியை ஓங்கினார். கதவைத்தான் அடித்தேன் என்று பிற்பாடு சத்தியம் செய்தார். அப்படியும் இருக்கலாம். அம்மா கையைக் குறுக்கே நீட்டினாள். பச்சை மரக்கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. அடுத்தது அம்மாவின் அலறல்.

அத்தனை நாளும் அப்பாவின் வட்டலும் செம்பும் கோலும் பட்டபோது ஒருமுறைகூட வாய் திறக்காதவள் அலறினாள்.

அப்பாவின் கைகள் கழுத்திலிருந்து நழுவின. "ஏ புள்ளே!" என்றார். "எங்க இருக்கே? ஏ புள்ளே!" எழுந்தவர் கட்டிலில் மோதி விழுந்தார். மறுபடி எழுந்து சுவரில் மோதினார். லொக் லொக்கென்று இருமிக்கொண்டே ஃபிட்டர் எழுந்து அவர் கையைப் பிடித்தார். கதவைத் திறந்தார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் வாசற்படி இறங்கினார். யாருடைய கை என்று தெரியாமல் பிடித்திருக்க முடியாது.

மாமா கம்பியைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஓடிவிட்டார். சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அம்மாவின் வலது முன்கை இரண்டாக ஒடிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். கோணலாகத்தான் கூடியது. சாகும்வரை அந்தக் கையை முழுக்கத் திருப்ப அவளால் முடியவில்லை.

மாமா ஈஸ்டருக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். அம்மா இடது கையால் சோறு போட்டாள். "தின்னுட்டுப் போ. நாளைக்கும் வா. தண்ணி புடிச்சுக் குடு" என்றாள். அவ்வளவுதான்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் போதகர் வந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. கட்டில் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க செஞ்சது பெரிய சாட்சி. ஈஸ்டர் ஆராதனையில சபைக்கு நான் சொல்லப்போறேன், இந்தச் சகோதரி தன் விரோதியை மன்னிச்சுட்டாங்கன்னு. நீங்க முதல் ஆளா திருவிருந்துக்கு வரணும்."

"மன்னிக்கலைங்க ஐயா."

அவருக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கும்மா காப்பாத்தினீங்க?"

"சாகக் கூடாதுன்னுதானுங்க. கொல்லாதேன்னு இருக்குதில்லைங்களா. கதவுல நிக்கறதுக்கு மனசு வேண்டியதில்லைங்க, கால் இருந்தாப் போதும். மன்னிக்கறதுக்கு மனசு வேணுமுங்க. அது இன்னும் வரலைங்க."

"உங்க தம்பியை மன்னிச்சீங்களே?"

"அவன் என்ற கையத்தானுங்க ஒடிச்சான். என்ற கை என்னோடது, விட்டுக் குடுத்துப்போட்டேன். கண்ணு அவரோடதுங்களே. அடுத்தவிய பொருளை நான் எப்படிங்க தூக்கிக் குடுக்கறது?"

போதகர் எழுந்து பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். போகும்போது, "பரவாயில்லம்மா. நீங்க வாங்க. நான் தடுக்க மாட்டேன்" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"நீங்க தடுக்க மாட்டீங்க. பொய் சொல்லி வாங்கித் தின்னா எனக்குத் தொண்டையில எறங்காதுங்க."

ஈஸ்டர் அன்று அவள் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு கதவோரத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் முன்னே போனார்கள். ஃபிட்டர் அன்று போகவில்லை. ஆண்கள் பக்கத்துக் கதவோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஃபிட்டர் அடுத்த வருஷமே வெள்ளகோவில் பக்கம் ஒரு எண்ணெய் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டார். போகுமுன் வாசலில் வந்து நின்றார். அப்பா கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா, "போயிட்டு வாங்க. பஸ்ஸைப் பாத்து ஏறுங்க" என்றாள். ஏறெடுத்துப் பார்க்கவில்லை. போதகரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. அம்மா எழுந்து முன்னே போயிருந்தால் கேட்பாரில்லை. அப்போதும் அவள் போகவில்லை. சங்குக்கு ஓடினாள், கோணல் கையால் நூல் முடிந்தாள், அப்பாவைக் குளிப்பாட்டினாள், நெற்றியில் கயிற்றுத் தடம் வாங்கினாள். அப்பா எறிவது மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. டோலக்கை மட்டும் கடைசிவரை தொடவில்லை. எப்போதாவது அம்மா இழுத்துக்கொண்டு வந்தால் சபைக்கு வருவார்.

நான் பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பில் இருந்தபோது ஒரு ஞாயிறு. பண்டிகை ஒன்றுமில்லை. வெறும் ஆடி மாதத்து ஞாயிறு, வெளியே காற்று கதவை அடித்துக்கொண்டிருந்தது. அன்று அப்பாவும் வந்து ஆண்கள் பக்கத்துக் கதவோரத்தில், எங்களுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். அம்மாவும் எழுந்தாள். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

வளையல் சத்தம் கேட்டு அப்பா, "எங்க போறே?" என்றார்.

"முன்னால போயிட்டு வாரனுங்க."

கூட்டத்தோடு கூட்டமாகப் போனாள். மண்டியிட்டாள். வலது கை திரும்பாததால் இடது கையை நீட்டினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் பலர் அதற்குள் மறந்திருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் வழக்கம்போலத் தூங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அவளைக் கேட்டேன். "என்னம்மா ஆச்சு? ஆண்டவர் ஏதாச்சும் பேசினாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு." அரிசியைக் களைந்துகொண்டே யோசித்தாள். "காலையில எந்திரிச்சேன். தண்ணி புடிச்சேன், அடுப்புப் பத்தவெச்சேன், உங்கப்பனைக் குளிக்க வெச்சேன். கோயிலுக்குப் பாதி தூரம் நடந்தப்பறந்தான் தெரிஞ்சுது, இன்னிக்கு அந்தாளு இன்னும் ஞாபகத்துக்கு வரலைன்னு. இத்தனை வருசமாக் கண்ணு முழிச்சதும் மொதல்ல அவன்தான் வருவான். இன்னிக்கு வரலை. வெளங்கட்டும், எங்கியோ நல்லாருக்கட்டும்னு சொல்லிப் பாத்தேன். வாய்ல வந்துச்சு."

அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

"எனக்கு வருது புள்ளே" என்றார். "எனக்கு இன்னும் தெனமும் வருது."

அம்மா அரிசியை உலையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வரட்டுமுங்க. அதுக்கென்ன அவசரம்? எந்திரிச்சு உக்காருங்க, சோறு இப்ப வெந்துரும்."